கன்னட எழுத்தில் பதினான்கு தமிழ்க் கதைகள்

குழந்தைகளுக்குக் கதை எழுதச் சொல்லித் தரும் வேலையில் மிகக் கடினமான பகுதி, முயலை வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவது. இந்த வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். செய்யாதவர்கள் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கதை எழுதச் சொல்லிப் பாருங்கள். எட்டு முயல் வரும்.

நான் சென்னையில் ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்தைப் பதினெட்டு ஆண்டுகள் பார்த்தவள். கணவருக்கு மைசூருக்கு மாற்றலானதும் பக்கத்தை விட்டுவிட்டு வந்தேன். மேட்டகள்ளிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் இடத்தில் ஒரு சின்னத் தமிழர் மன்றம் உண்டு. கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை எழுதச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒரு பெண்ணின் கதையை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் மற்றவற்றையும் சொல்கிறேன். என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைகளைப் பிள்ளைகளின் நோட்டுகளிடம் கொடுத்துவிட்டவர்கள் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நம்பிக்கை.

முயல் இல்லாமல்

முதல் நாள், "பிடித்த கதையை வாயாலேயே சொல்லுங்கள்" என்றேன். ஒன்பது முயல், மூன்று ராஜா, ஒரு பேய், ஒரு கிரிக்கெட் வீரர் வந்தார்கள். கொள்ளேகால் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், லீவுக்குப் போன இடத்தில் யானை வாழைத்தோட்டத்துக்குள் இறங்குவதை நேரில் பார்த்தவர்கள். யானை வந்தால் தகர டப்பாவை எப்படித் தட்டுவது என்று எனக்கு நடித்தே காட்டினார்கள். கதை என்றதும் அவர்களும் முயலைத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சட்டம் போட்டேன். முயல் கூடாது, ராஜா கூடாது, காடு கூடாது, கடைசி வரியில் நீதி கூடாது. ஆறாம் வகுப்பு தர்ஷன், கேள்வி கேட்பதற்கென்றே வருகிறவன், எழுந்து நின்றான். வகுப்பே சிரிக்கும்படி கேட்டான்: "பின்ன யாரைப் பத்தித்தான் மிஸ் எழுதறது, எங்க வீட்டைப் பத்தியா?"

மூணாம் கிளாஸ்

வீட்டில் எழுதி வரச் சொன்ன முதல் கதைகளைத் திறந்தேன். பதினான்கு நோட்டிலும் கன்னட எழுத்து. தமிழில்தானே எழுதச் சொன்னேன் என்றேன். "தமிழ்தான் மிஸ்" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். தர்ஷன் தன் நோட்டை வாங்கி வாசித்துக் காட்டினான். தமிழேதான். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எழுதுவது கன்னடம். பிள்ளைகள் வீட்டுப் பேச்சைப் பள்ளி எழுத்தில் எழுதி வந்திருக்கிறார்கள்.

முதலில் தமிழ் எழுத்து, அப்புறம் கதை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பாதிப் பேர் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். எனவே நான் கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டேன். கடைப் பலகை, பஸ் பலகை, பால் பாக்கெட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு லாபமும் இருந்தது. தமிழ் எழுத்தில் எழுத உட்காரும் பிள்ளை பாடப் புத்தகத்தைப் போல எழுதப் பார்க்கும். கன்னட எழுத்தில் அந்தப் பயம் இல்லை. அவரவர் வீட்டில் பேசுகிறபடியே வந்து விழுந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு பக்கத்தை விரல் வைத்து, இடறி இடறி, வகுப்பின் முன்னால் சத்தமாகப் படித்து முடித்தேன். தர்ஷன் எழுந்து கை தட்டினான். "பரவால்ல மிஸ், இந்த வருசம் நீங்க மூணாம் கிளாஸ் பாஸ்."

முதல் பெஞ்சு

கீர்த்தனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் அப்பா மாதேசன் மேட்டூர்ப் பக்கத்துக்காரர், டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. மற்ற அப்பாக்கள் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "புள்ளைக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலுங்க மேடம். ஒண்ணு விட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவங்கம்மா நஞ்சன்கூட்டுல ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறா. சொட்டு மருந்து போடறாங்க. கொஞ்சம் முன்னாடி உக்கார வைங்க" என்றார். எங்கள் வகுப்பு நடப்பது ஒரு கல்யாண சத்திரத்தின் சாப்பாட்டுக் கூடம். கரும்பலகையை எந்தத் தூணில் மாட்டினாலும் ஏதாவதொரு பெஞ்சுக்குத் தெரியாது. கீர்த்தனாவை முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தேன்.

மாதேசன் பதினைந்து வருடமாக மைசூரில் இருக்கிறார். கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுத்துதான் தெரியாது. பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறுகிறவர். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். ஊரிலிருந்து பொட்டலம் கட்டி வந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளைக்கூடப் பிரித்து நீவி வரி விடாமல் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். படம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மூடி, தன் விரலிலிருந்து அட்டையில் ஒட்டிய வெள்ளை சிமெண்டைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எம் புள்ள எழுதுனதை ஒரு நாளைக்கு நானே உக்காந்து படிக்கோணுமுங்க மேடம்."

கேசரிபாத் நாள்

சத்திரத்தில் கல்யாணம் இருந்தால் எங்களுக்குப் பின்பக்கத் தாழ்வாரம்தான். சமையல் கட்டிலிருந்து கேசரிபாத் மணக்கும்போது பதினான்கு பிள்ளைகளைக் கதையில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை. வாசனையையே பயிற்சியாக்கினேன். இங்கே மணப்பது வேண்டாம், உங்களுக்கு மறக்காத ஒரு வாசனையை எழுதுங்கள் என்றேன். பெட்ரோல் வந்தது, புது ஷூ வந்தது, தர்ஷனிடமிருந்து பரீட்சைப் பேப்பர் வந்தது.

கீர்த்தனா இரண்டே வரி எழுதியிருந்தாள். "சித்தப்பா சட்டையில பன் வாசம். கட்டிப் பிடிச்சா எனக்குப் பசிக்கும்." பதினெட்டு ஆண்டுகளில் சிறுவர் பக்கத்துக்கு இப்படி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. உன் சித்தப்பா பேக்கரியில் வேலை செய்கிறாரா என்று கேட்டேன். அவள் சட்டென்று பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அப்படி யாரும் இல்ல மிஸ். சும்மனே, கற்பனை."

பின்னல்

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவார்கள். அந்த வருடம் பிள்ளைகளின் கதைகளையும் அதில் சேர்ப்பதாக ஏற்பாடு. கீர்த்தனா நான்கு பக்கம் எழுதி வந்தாள். ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் சனிக்கிழமை மதியம் வீட்டில் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி வேறோர் இடத்துக்குப் போகிறார்கள். பச்சைக் கதவு போட்ட வீடு. அங்கே ஒரு சித்தி. சித்தி தன் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். சித்தப்பா வேலையிலிருந்து வரும்போது சூடு ஆறாத பன் கொண்டுவருகிறார். சித்தி அந்தப் பெண்ணின் இரட்டைச் சடையைப் பிரித்து, ஒற்றைச் சடையாகத் தளரப் பின்னி, பூ வைத்துவிடுகிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா அந்தப் பின்னலை அவிழ்த்து, பூவை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, காலையில் இருந்தபடி இரட்டைச் சடை போட்டுவிடுகிறாள். "அம்மா இறுக்கிப் பின்னுறப்போ வலிக்கும். நான் சொல்ல மாட்டேன். சொன்னா அம்மா அழுவாங்க. அழுத மூஞ்சியோட வீட்டுக்குப் போக முடியாது" என்று கதை முடிந்திருந்தது.

ஓரத்தில் சிவப்பு மையில் "அபாரமான கற்பனை" என்று எழுதினேன். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. வருகைப் பதிவில் கீர்த்தனா தன் பெயரைத் தமிழில்தான் எழுதுவாள், முத்து முத்தாக. கதையை மட்டும் ஏன் கன்னட எழுத்தில் எழுதுகிறாய் என்று கேட்டேன். அதில்தான் கை ஓடுகிறது என்றாள். மலரில் போடலாமா என்று கேட்டபோது அவள் பென்சிலின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கதைகளையும் அவரவர் கையெழுத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்க்கப் போகிறோம் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அப்படியேன்னா சரி மிஸ். இதே எழுத்துல."

எல்லாருக்குமான மலர்

மன்றத்தின் செயலாளர் பழனிவேல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெராக்ஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன மேடம் இது, தமிழ் மன்றத்து மலரைத் தெறந்தா கன்னடமா?" வாய்விட்டுப் படித்தால் தமிழ்தான் என்றேன். "மலரை வாய்விட்டு யாரு மேடம் படிக்கறா?" என்றார். இரண்டு கூட்டம் பேசினோம். இரண்டிலும் நான் ஒருத்திதான் பிள்ளைகளின் கையெழுத்துப் பக்கம்.

ஒரு வாரம் உட்கார்ந்து பதினான்கு கதைகளையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. சிறுவர் பக்கத்தில் இருந்திருந்தால் நான்கு இடத்திலாவது கை வைத்திருப்பேன். பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. விழா அன்று பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கீர்த்தனாவின் கதையை எழுதும்போது எனக்கு மாதேசனின் நினைப்புதான். மகள் எழுதியதை அவர் உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்று அந்த நான்கு பக்கத்தை மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எழுதினேன். பழனிவேல் வாங்கிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "இப்பப் பாருங்க மேடம், எல்லாரும் படிக்கலாம்."

எது கற்பனை

விழா அன்று எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். கீர்த்தனாவின் அம்மா செல்வி அன்று வரவில்லை. தைக்கிற இடத்தில் வேலை இருந்தது. மாதேசன் பிரதியை வாங்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் மூலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் சிரித்தார். அதில், "எங்கப்பா கை பட்ட சாமான் எல்லாத்துலயும் வெள்ளையா ஒரு கறை இருக்கும், அதை வெச்சு அப்பா எங்கெங்க போனாங்கன்னு கண்டுபிடிச்சிடலாம்" என்று ஒரு வரி உண்டு. இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. நான்காம் பக்கம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்த முறை விரல் வைத்து.

கூடத்தின் மறுபக்கம் கீர்த்தனா ஒரு பிரதியைத் திறந்து பார்த்தாள். அவள் ஆச்சரியப்படுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தாள். விழா இன்னும் முடியவில்லை. ஆட்கள் எழுந்த நாற்காலியை எல்லாம் மடக்கிக்கொண்டே போனாள். நான் பாராட்டை வாங்கிக்கொள்ள மாதேசனிடம் போனேன். இப்படி ஒரு கற்பனையை நான் பார்த்ததே இல்லை என்றேன். அவர் மலரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதுல எது மேடம் கற்பனை?"

கடைசி பெஞ்சு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதேசன் எப்போதும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் கோபமாக இல்லை. கூலி வேலைக்குப் போய் வந்தது போல ஓர் அசதி மட்டும் முகத்தில் இருந்தது. அதற்குள் எனக்கும் பாதி புரிந்திருந்தது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை, நஞ்சன்கூடு, டாக்டரம்மா. முதல் நாளே இந்தக் கூடத்தில் நின்று என்னிடம் சொன்னவர் அவர்தான். கதையிலும் அதே சனிக்கிழமை. ஒற்று விடுபட்டாலே கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு ஒரு கிழமை தெரியாமல் போயிருக்கிறது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மகளின் தோளைத் தொட்டு, முதல் பெஞ்சைத் தாண்டி நடத்திக்கொண்டு போனார். சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இனிமே பின்னாடியே உக்காரட்டும் மேடம். புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதாம்."

துண்டுச் சீட்டு

ஒரு மாதம் கழித்து செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். கர்நாடகத்து மார்டள்ளிப் பக்கத்துக்காரர், பள்ளியில் கன்னடம் படித்தவர். தங்கைக்கு மாதேசனின் தம்பியை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் ஒரு பேக்கரிக்காரரோடு போய்விட்டாள். எட்டு வருடம் ஆகிறது. அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது. செல்வி தங்கைக்குச் சொல்ல வேண்டியதைக் கன்னடத்தில் துண்டுச் சீட்டில் எழுதி, சமையலறை டப்பா மூடியில் வைப்பார். மகள் பள்ளிக்குப் போகிற வழியில் நஞ்சன்கூடு போகும் ஒரு தோழியின் அக்காவிடம் கொடுப்பாள். போனைப் புருஷன் எடுத்துப் பார்ப்பார்; சீட்டு கண்ணெதிரில் கிடந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் கன்னட எழுத்து அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும் உள்ளது. அதில் எழுதினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைப் போல.

"அடிக்கலீங்க, திட்டலீங்க" என்றார் செல்வி. "சனிக்கிழமை மத்தியானம் வேலைக்குப் போறதை நிறுத்திட்டாருங்க. வீட்ல வந்து சும்மா உக்காந்திருக்காரு. தங்கச்சி ரெண்டு வாரம் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுட்டுப் போனாளாம்." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்துகொண்டார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சரம்மா. படிச்சவங்களுக்கு எதையும் எல்லாரும் படிச்சாகோணும்."

யார் வேண்டுமானாலும்

கீர்த்தனா வகுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுவரோரம் உட்காருகிறாள். சொன்னதை எழுதுகிறாள். தர்ஷன் ஒரு நாள் அவளுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "ஏ கீர்த்தி, முன்னாடி பா, அங்க ஃபேன் இல்ல" என்று கூப்பிட்டான். அவள் அசையவில்லை.

போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் முறையாகத் தமிழ் எழுத்தில், கோடு தாண்டாமல், இரண்டு பக்கம். ஒரு காடு. அதில் ஒரு முயல். ஒரு சிங்கம். கடைசி வரியில் நீதி. நான் போட்ட சட்டம் ஒவ்வொன்றையும் வரிசையாக உடைத்திருந்தாள். இதை ஏன் எழுதினாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பேனாவைத் திறக்காமல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் இரட்டைச் சடையில் ஒன்றை முன்னால் இழுத்து ரிப்பனைச் சரி செய்துகொண்டாள். "இதுல யாரும் இல்ல மிஸ். யார் வேணா படிக்கலாம்."

ஆக, இரண்டாம் வாரம் வகுப்பைவிட்டு நான் வெளியே அனுப்பிய முயல், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது.